பிரசவத்துக்குப் பிறகு எடைப் பயிற்சி: நம் முன்னேற்றத்தை நாமே அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

“அக்கா, நாலு மாசமா பண்றேன். ஒன்னுமே மாறல. விட்டுடலாமான்னு இருக்கு.” என்னோடு பயிற்சி செய்துவந்த ஓர் இளம் தாய் இப்படிச் சொன்னபோது அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 4 கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு 6 முறை உட்கார்ந்து எழுந்திருந்தார். அந்த வாரப் பக்கத்தில் 10 கிலோ, 10 முறை. முதல் ஆறு வாரமும் அடிக்கடி வந்த “லேசாகக் கசிந்தது” என்ற வரி, அதாவது சிறுநீர்க் கசிவு, அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

மாற்றம் அத்தனையும் அவர் கையெழுத்திலேயே இருந்தது. ஆனால் அவர் மனதில் ஓடியது கர்ப்பத்துக்கு முன் தூக்கிய 40 கிலோ. இதே இடத்தில் பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் விழுந்திருக்கிறேன். என்னென்ன பயிற்சி செய்யலாம் என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். செய்கிற பயிற்சி பலன் தருகிறதா என்பதை எதை வைத்து, எந்த வரிசையில் பார்ப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் மருத்துவரின் சம்மதம். பிரசவத்துக்குப் பின் சுமார் 6 வாரத்தில் நடக்கும் பரிசோதனையில் “எடை தூக்கிப் பயிற்சி செய்யப் போகிறேன், எதில் கவனமாக இருக்க வேண்டும்?” என்று நேரடியாகக் கேளுங்கள். பொதுவாக “எக்சர்சைஸ் செய்யலாமா?” என்று கேட்டால் நடைப்பயிற்சியை நினைத்துக்கொண்டு “செய்யலாம்” என்று சொல்லிவிட வாய்ப்புண்டு.

சிசேரியன் ஆனவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். வெளித்தோல் ஆறிவிட்டதால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று ஆகாது. வயிற்றுச் சுவரைத் தாங்கும் நார்த்திசு 6 வாரத்தில் பழைய உறுதியில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டியிருக்கும். 6, 7 மாதம் ஆனாலும் முழுதாகத் திரும்பியிருக்காது. உங்கள் எண்கள் மெதுவாக ஏறினால் அதற்கு இப்படியொரு நியாயமான காரணம் இருக்கிறது.

வாய்ப்பிருந்தால் இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குபவை) பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை சந்தியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தசையின் நிலையை வீட்டில் ஊகிப்பதைவிட ஒருவர் பரிசோதித்துச் சொல்வது நல்லது.

பொருள்கள் அதிகம் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, சாயாத உறுதியான நாற்காலி, ஒன்றிரண்டு டம்பெல்கள் அல்லது கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த எடைக்குண்டு), ஒரு எலாஸ்டிக் பேண்ட், வீடியோ எடுக்க போன். ஆப்பைவிட நோட்டு நல்லது என்பேன். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் நாலு வார்த்தை கிறுக்கிவிடலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுதும் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண் மங்கலோடு கடுமையான தலைவலி — இவற்றில் எது வந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

2. பழைய நோட்டை மூடி வையுங்கள்

பிரசவத்துக்குப் பிறகான முதல் அளவுதான் உங்கள் பூஜ்ஜியக் கோடு. கர்ப்பத்துக்கு முந்தைய எண்களை இதே நோட்டில் எழுதவே கூடாது, ஒரு மூலையில்கூட.

காரணம் எளிமையானது. கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் நீண்டு விலகியிருக்கின்றன, இடுப்புத்தளம் மாதக்கணக்கில் பாரம் சுமந்திருக்கிறது, நிற்கும் விதமே மாறியிருக்கிறது, போதாததற்குத் துண்டு துண்டான தூக்கம். பழைய எண்ணை அளந்தது வேறு நிலையில் இருந்த உடல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு நாளும் தோற்ற நாளாகத்தான் தெரியும்.

நான் இதில்தான் தவறினேன். பழைய நோட்டிலேயே அடுத்த பக்கத்தில் தொடர்ந்தேன். இடது பக்கம் 60 கிலோ டெட்லிஃப்ட், வலது பக்கம் 12 கிலோ. மூன்று வாரம் நோட்டைத் திறக்கவே பிடிக்கவில்லை. புது நோட்டு வாங்கிய பிறகுதான் 12, 14 ஆனதும், 14, 16 ஆனதும் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

பழைய பலம் வீணாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு பயிற்சி செய்த தசை, புதிதாகத் தொடங்கும் தசையைவிட வேகமாக மீளும். ஏற்றத்தின் வேகத்தில் அது தானே தெரியவரும்.

3. ஐந்து அசைவுகளைத் தேர்ந்தெடுத்து அப்படியே வைத்திருங்கள்

வாரத்துக்கொரு புதுப் பயிற்சி செய்பவர்களால் முன்னேற்றத்தைப் பார்க்கவே முடியாது. போன வாரம் லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்துத் தாழ்வது), இந்த வாரம் ஸ்டெப்-அப் (படிமேல் ஏறி இறங்குவது) என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? குறைந்தது 12 வாரத்துக்கு மாறாத ஐந்து அசைவுகள் வேண்டும். மற்ற பயிற்சிகளை விருப்பம்போல மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் பரிந்துரைப்பவை இவை. நாற்காலி வரை உட்கார்ந்து எழும் ஸ்குவாட். இடுப்பை மடக்கித் தரையிலிருந்தோ ஒரு ஸ்டூலிலிருந்தோ தூக்கும் டெட்லிஃப்ட். சுவரிலோ மேசை விளிம்பிலோ கைவைத்துச் செய்யும் புஷ்-அப். ஒரு கையால் டம்பெல்லை விலாப்பக்கம் இழுக்கும் ரோ. கையில் எடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது.

ஏன் இவை? ஒரு நாளில் நீங்கள் ஏற்கெனவே நூறு தடவை செய்பவை இவைதான். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குவது டெட்லிஃப்ட். குழந்தையை மடியில் வைத்தபடி எழுவது ஸ்குவாட். இடுப்பில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடப்பது எடை நடை. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்காகிறது, ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. நோட்டில் எழுதாவிட்டாலும் உங்கள் சுமை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பிளாங்க்கையும் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகப் பிடித்திருப்பது) சிட்-அப்பையும் (படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்வது) அளவுகோலாக வைத்துக்கொள்வது. வயிறு இன்னும் சேராத நிலையில் பிளாங்க்கில் எத்தனை விநாடி நின்றீர்கள் என்பது, எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துத் தாக்குப்பிடித்தீர்கள் என்பதைத்தான் காட்டும்.

4. முதல் அளவை எடுக்கும் வரிசை

முதல் நாளே அளக்காதீர்கள். இரண்டு வாரம் லேசான எடையில் இந்த ஐந்தையும் பழகிவிட்டு அளவெடுங்கள். தொடக்கத்தில் வரும் வேகமான ஏற்றத்தில் பெரும்பகுதி, நரம்பும் தசையும் அசைவை ஞாபகப்படுத்திக்கொள்வதால் வருவது. அதைக் கழித்துவிட்டு அளந்தால்தான் அடுத்த மாத ஒப்பீடு உண்மையாக இருக்கும்.

வரிசை முக்கியம். களைப்பில்லாதபோது பார்க்க வேண்டியவை முதலில், களைப்பு தருபவை கடைசியில்.

முதலில் மூச்சும் வயிறும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளிலும் அதற்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். எத்தனை விரல் அகலம் என்பதோடு, அடியில் இறுக்கமாக எதிர்க்கிறதா, மெத்தென்று உள்ளே போகிறதா என்பதையும் எழுதுங்கள். இடைவெளி அப்படியே இருந்தும் அடித்தளம் இறுகுவது நல்ல முன்னேற்றம். விரல் அகலத்தை மட்டும் எழுதினால் அது கைநழுவிப் போய்விடும். இதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் அமுக்கிப் பார்த்துக் கவலைப்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு நாளில் மாறுகிற விஷயமில்லை அது.

அடுத்து ஒற்றைக்காலில் நிற்பது. ஒவ்வொரு காலிலும் 10 விநாடி. எந்தப் பக்கம் ஆடுகிறது என்று எழுதுங்கள்.

மூன்றாவது, நாற்காலி சோதனை. சுமார் 43 செ.மீ. உயர நாற்காலி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள்? பாதி எழுந்தது கணக்கில் வராது. அடுத்த முறையும் அதே நாற்காலிதான். உயரம் கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும்.

கடைசியாக ஐந்து அசைவுகளும் எடையோடு. “அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும்” என்று சோதிக்க வேண்டாம். சரியான முறையில் இன்னும் 3 தடவை செய்ய முடியும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். நான் அதை “மிச்சம் 3” என்று எழுதுவேன். முழு பலத்தையும் காட்டப் போனால் மூச்சடக்கி முக்க வேண்டிவரும். அந்த அழுத்தம் நேராக இடுப்புத்தளத்திலும் தையலிலும்தான் இறங்கும்.

ஒவ்வோர் அசைவையும் பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு ரெப் (ஒருமுறை செய்வது) வீடியோ எடுத்து வையுங்கள். முதுகு எப்படி இருந்தது, எவ்வளவு தாழ உட்கார்ந்தோம் என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்து நினைவில் இருக்காது.

5. நோட்டில் எழுத வேண்டியவை

எடையும் எண்ணிக்கையும் மட்டும் எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முன்னேற்றத்தில் பாதி மற்ற வரிகளில் ஒளிந்திருக்கிறது.

என் நோட்டிலிருந்து ஒரு வரியை அப்படியே தருகிறேன்:

“ஸ்குவாட், நாற்காலி வரை. 8 கிலோ. 10, 10, 8. மிச்சம் 3, 3, 2. மூச்சு சரி. வயிறு புடைக்கவில்லை. கசிவு இல்லை. தூக்கம் நாலரை மணி, மூன்று துண்டாக.”

10, 10, 8 என்பவை மூன்று செட்டில், அதாவது நடுவே ஓய்வெடுத்துச் செய்த மூன்று சுற்றில், வந்த எண்ணிக்கை. எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது: என்ன செய்தேன், எவ்வளவு சிரமப்பட்டுச் செய்தேன், எந்த நிலையிலிருந்து செய்தேன். இதே 8 கிலோவை ஏழு மணி நேரம் தூங்கிய நாளில் செய்வதும், மூன்று முறை எழுந்த இரவுக்குப் பின் செய்வதும் ஒன்றாகாது.

செட் முடிந்த உடனே எழுதிவிடுங்கள். இரவு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் “மிச்சம்” கணக்கு தவறிவிடும். அன்றைய மனநிலைதான் எண்ணைத் தீர்மானிக்கும்.

6. ஒவ்வொரு வாரமும் எதைப் பார்ப்பது?

வாரத்தில் ஒரு நாள், அந்த வாரத்தையும் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வாரம் மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. மூன்று வாரம் சேர்ந்தால் ஒரு போக்கு தெரியும்.

முதலில் கண்ணை ஓட்ட வேண்டியது எடையில் இல்லை, மிச்சத்தில். அதே 8 கிலோ, அதே 10 ரெப், ஆனால் போன வாரம் மிச்சம் 2, இந்த வாரம் மிச்சம் 4. இது பலம் கூடியதற்கான தெளிவான அடையாளம். எடை ஏறும் முன் இதுதான் ஏறும். மிச்சம் 4 அல்லது 5 என்று இரண்டு பயிற்சிகளில் தொடர்ந்து வந்தால் அடுத்த எடைக்குப் போகலாம்.

அடுத்து, கடைசி செட். 10, 8, 6 என்று சரிந்தது 10, 10, 9 ஆகிறதா? மொத்தத்தில் சில ரெப்தான் கூடியிருக்கும். ஆனால் களைப்பைத் தாங்கும் திறன் வளர்ந்திருக்கிறது. குழந்தை வளர்க்கும் வீட்டில் உடனடியாகப் பயன்படுவது இந்தத் திறன்தான்.

அப்புறம் அசைவின் நீளம். இரண்டு தலையணை போட்ட நாற்காலி, ஒரு தலையணையாகி, பிறகு வெறும் நாற்காலியாகிறது. சுவரில் செய்த புஷ்-அப் மேசைக்கு இறங்குகிறது. எடை மாறவே இல்லை, ஆனால் அதே எடையை அதிக தூரம் நகர்த்துகிறீர்கள். உயரத்தை எழுதி வைக்காதவர்களுக்கு இந்த முன்னேற்றம் மொத்தமாகத் தொலைந்துபோகும்.

வேகத்தையும் பாருங்கள். மூன்று விநாடி எடுத்து நிதானமாக இறங்க முடிகிறதா, இல்லை நாற்காலியில் தொப்பென்று விழுகிறீர்களா? கட்டுப்பாடு வந்த பிறகு ஏற்றும் எடை நிலைக்கும். அதற்கு முன் ஏற்றினால் முழங்காலும் முதுகும்தான் வாங்கிக்கொள்ளும்.

செட்டுக்கு நடுவே ஓய்வு எவ்வளவு என்பதையும் பாருங்கள். மூன்று நிமிடம் தேவைப்பட்ட இடத்தில் 90 விநாடி போதும் என்றால் அதுவும் நோட்டில் ஏற வேண்டிய எண்தான். அதோடு மறுநாள் காலை. படியிறங்கும்போது தொடை வலித்தது இரண்டு நாளா, அரை நாளா?

இன்னொன்றை நான் தனிப் பக்கத்தில் எழுதுவேன். ஜிம்முக்கு வெளியே நடப்பவை. தரையில் உட்கார்ந்தவர் குழந்தையோடு, கையூன்றாமல் எழுந்த நாள். தூங்கிய குழந்தையை முதுகு பிடிக்காமல் தொட்டிலில் கிடத்திய நாள். தேதி போட்டு எழுதுங்கள். என் பக்கத்தில் ஒரு வரி: “ஒரு கையில் குழந்தை, மறு கையில் துணி வாளி, மாடி வரை நிற்காமல்.” மூன்று மாதத்துக்கு முன் அதே மாடிக்கு இரண்டு நடை நடந்திருந்தேன்.

7. உடல் தரும் அறிகுறிகளைக் கணக்கில் சேர்ப்பது

பிரசவத்துக்குப் பிறகான பயிற்சிக்கே உரிய அளவுகோல் இது. எடை ஏறியும் அறிகுறி கூடினால் அதை நான் முன்னேற்றமாக எழுத மாட்டேன். அதே எடையில் அறிகுறி குறைந்தால் கண்டிப்பாக எழுதுவேன்.

கவனிக்க வேண்டியவை நான்கு. சிறுநீரோ வாயுவோ அடக்க முடியாமல் வெளியேறுவது. பிறப்புறுப்பில் கனமாகவோ, ஏதோ கீழே இறங்குவது போலவோ இருப்பது. எடை தூக்கும்போது வயிற்றின் நடுக்கோடு முகடு போலப் புடைப்பது. தையலிலோ இடுப்பு எலும்பின் முன்பக்கத்திலோ வலி.

வலியும் கனமும் அன்று மாலையோ மறுநாளோ வரலாம். அதனால் மறுநாள் காலையிலும் ஒரு வரி எழுதுங்கள். முதல் வாரங்களில் நின்றுபோன ரத்தப்போக்கு பயிற்சிக்குப் பின் மறுபடி சிவப்பாக வந்தால் அளவுக்கு மீறிவிட்டோம் என்று பொருள். குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி வந்தால் செய்ய வேண்டியது இந்த வரிசையில்: முதலில் மூச்சைச் சரிசெய்யுங்கள், அதாவது எழும்போது, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். போகவில்லையா, அசைவின் நீளத்தைக் குறையுங்கள். அப்போதும் இருந்தால் எடையைக் குறையுங்கள். முதலிலேயே எடையைக் குறைத்துவிட்டால் கோளாறு மூச்சில் இருந்ததா, சுமையில் இருந்ததா என்று தெரியாமலே போய்விடும். எவ்வளவு குறைத்தும் தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்ட்தான் பார்க்க வேண்டும்.

இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியையும் இதே நோட்டில் சேருங்கள். ஒரு வேளைக்கு குறைந்தது 8 முறை இறுக்கித் தளர்த்துவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். எத்தனை விநாடி பிடிக்க முடிகிறது என்பது உங்கள் எண். இறுக்குவதோடு முழுதாகத் தளர்த்தவும் வர வேண்டும், அதையும் எழுதுங்கள். பிரசவத்தில் விரிந்த இந்தத் தசை மீள்வதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் நடக்கிறது. அதனால் எட்டாவது வாரத்தில் தும்மினால் கசிகிறது என்றால், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே நேரம், ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று சகித்துக்கொண்டும் இருக்காதீர்கள். சிகிச்சை உண்டு.

8. மோசமான நாளை எப்படிப் படிப்பது?

தூக்கம் கெட்ட நாளில் அதே எடை கனமாகத் தோன்றும். மிச்சம் 4 இருந்த இடத்தில் 1 இருக்கும். பலம் எங்கும் போய்விடவில்லை, அன்றைக்கு எடுத்துக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் தூக்கத்தையும் எழுதச் சொன்னேன்.

ஒரு நல்ல ஒப்பீடு சொல்கிறேன். மோசமான நாள்களை மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றைத் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். இரண்டாவது மாதம் நாலு மணி நேரம் தூங்கிய நாளில் 6 கிலோ. ஐந்தாவது மாதம் நாலு மணி நேரம் தூங்கிய நாளில் 10 கிலோ. உங்கள் மிக மோசமான நாளின் தரம் ஏறியிருக்கிறது. எனக்கு இதைவிட நம்பிக்கை தந்த எண் வேறில்லை.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. பட்டினி கிடந்து எடை குறைத்துக்கொண்டே பலமும் ஏற வேண்டும் என்றால் எண்கள் நகராது. மிதமான பயிற்சியால் பால் குறைந்துவிடாது. பால் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனால் மார்பு இலகுவாக இருக்கும், குழந்தையும் கொஞ்ச நேரம் விடும்.

மாதவிடாய் திரும்பி வந்தபின், அதற்கு முந்தைய சில நாள்கள் கீழே கனமாக இருக்கலாம். நாளைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் மாதாமாதம் ஒரு வாரம் பின்னடைவு என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

9. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறு அளவு

நான்காவது பகுதியில் செய்ததை அதே வரிசையில், அதே நாற்காலியில், முடிந்தால் அதே நேரத்தில் மறுபடி செய்யுங்கள். முந்தைய இரவு தூக்கமே இல்லை என்றால் தள்ளிப்போடுங்கள். இரண்டு நாள் தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. தவறான அளவோ அடுத்த நான்கு வாரமும் மனதை அரிக்கும்.

ஒப்பிடுவதற்கு ஒவ்வோர் அசைவிலும் சிறந்த ஒரு செட்டை மட்டும் எடுங்கள். எடை × ரெப் × செட் என்று மொத்தத்தைக் கணக்கிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. 8 கிலோ × 8 ரெப் × 2 செட் என்றால் 128. ஒரு செட் கூட்டினால் அது 192 ஆகிவிடும், பலம் துளியும் கூடாமலே. எவ்வளவு வேலை செய்தோம் என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்கு உதவும். பலத்துக்கு, அதே மிச்சத்தில் செய்த சிறந்த செட்தான் நம்பகமானது.

பழைய வீடியோவையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எண்ணில் வராத சில விஷயங்கள் அதில் கண்ணில் படும். முதல் வீடியோவில் எழும்போது முன்னால் சாய்ந்து, கை தன்னால் தொடையைத் தேடிப் போகும். பிந்தைய வீடியோவில் அந்தக் கை அசையாமல் டம்பெல்லோடு இருக்கும்.

10. எடை மெஷின் பற்றி

சுருக்கமாகச் சொல்கிறேன். உடல் எடை, பலத்தின் அளவுகோல் கிடையாது. தாய்ப்பால், நீர், தூக்கமின்மை எல்லாம் அதை நாளுக்கு நாள் ஆட்டும். தசை கூடிக் கொழுப்பு குறையும் மாதத்தில் முள் நின்ற இடத்திலேயே நிற்கலாம். பார்க்க வேண்டும் என்றிருந்தால் வாரம் ஒருமுறை, வேறு பக்கத்தில்.

11. எண்கள் நகராதபோது

மூன்று வாரம் எதுவுமே நகரவில்லை என்றால் திட்டத்தை மாற்றும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

எத்தனை நாள் செய்தீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். வாரம் இரண்டு முறை என்று மனதில் இருக்கும், நோட்டில் மூன்று வாரத்தில் மூன்று நாள்தான் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைத் தேக்கம் என்று எழுத வேண்டியதுமில்லை.

இரண்டாவது, தாவல் பெரிதா? 4 கிலோவிலிருந்து 6 கிலோ என்பது பாதி மடங்கு ஏற்றம். நடுவில் எடை இல்லாவிட்டால் 4 கிலோவிலேயே ரெப்பை 15 வரை கொண்டுபோங்கள், அல்லது இறங்கும் வேகத்தைக் குறையுங்கள், பிறகு தாவுங்கள்.

மூன்றாவது, கை. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி இருந்தால், தோற்பது காலோ முதுகோ இல்லை, பிடிப்புதான். குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்குவதால் இது நிறைய தாய்மார்களுக்கு வருகிறது. உள்ளங்கையை அடியில் கொடுத்து அள்ளித் தூக்கிப் பழகுங்கள். வலி குறையும்வரை ஸ்குவாட் எடையைக் கையில் தொங்கவிடாமல் மார்போடு அணைத்துப் பிடியுங்கள்.

நான்காவது, உடல்நலம். படியேறினாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, தூங்கியும் சோர்வு போகவில்லை என்றால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்யுங்கள். பிரசவத்துக்குப் பின் இரண்டும் வரக்கூடியவை. பயிற்சியில் மட்டுமல்லாமல் எதிலுமே மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உழன்ற ஒருவரை எனக்குத் தெரியும். சிகிச்சை தொடங்கியபின் அவர் நோட்டில் எண்கள் தாமாக ஏறின.

12. ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் முன்

பலம் ஏறுவதைப் பார்த்ததும் பலருக்கு ஓட ஆசை வரும். பிரசவமாகி 12 வாரம் ஆகும் முன் வேண்டாம். அதன் பிறகும் தேதியை மட்டும் நம்பாமல் உடலைக் கேளுங்கள்.

முதலில் 30 நிமிடம் நடந்து பாருங்கள். ஒற்றைக்காலில் 10 விநாடி நில்லுங்கள், ஒற்றைக்கால் ஸ்குவாட் பக்கத்துக்கு 10 செய்யுங்கள். பிறகு நின்ற இடத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓடுங்கள், ஒற்றைக்காலில் பக்கத்துக்கு 10 முறை குதியுங்கள். வலி, கனம், கசிவு எதுவும் இருக்கக் கூடாது. பலத்துக்கு, ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக்கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பை உயர்த்துவது), ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து எழுவது, பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது — ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 20.

முதல் தடவையே 20 வருவது அபூர்வம். எத்தனையில் நின்றது, எந்தக் காலில் நின்றது என்று எழுதுங்கள். குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பக்க எண்களுக்கும் இடையில் நல்ல வித்தியாசம் இருக்கும். என் முதல் எண் வலது காலில் 14, இடது காலில் 9. அன்றிலிருந்து குழந்தையை வைக்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டேன், இடது காலை முதலில் செய்தேன். ஏழு வாரம் கழித்து வலது 20, இடது 18. இடது 20 ஆகும்வரை ஓடவில்லை.